இரண்டரை நூல்

எங்கள் மேலப்பாளையத்தில் நூல் என்னும் சொல் மூன்று பொருளில் வழங்கும். கற்றோர் வாயில் அது ஏடு. தறிக்காரர் வாயில் அது பாவும் ஊடையும். பட்டறைக்காரர் வாயில் அது ஓர் அளவு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நூலாகும். கால் அங்குல ஆணியை இரண்டு நூல் ஆணி என்றும், அதனினும் சற்றுத் தடித்ததை இரண்டரை நூல் ஆணி என்றும் கேட்டு வாங்குவார்கள். முதலிரு நூல்களைப் பற்றியும் எழுதுவோர் நம்மில் பலர் உண்டு. மூன்றாவது நூலைப் பற்றி நான் எழுத முற்பட்டதற்குக் காரணம், என் பொறுப்பில் இருக்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

வாப்பா அவர்கள் 1969ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் 350 அது. எங்கள் வீட்டுத் தறிகளில் நெய்த கைலிகளைக் கட்டுக் கட்டாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி என்று கடை கடையாகச் சென்று கொடுத்து வருவார்கள். அந்த வருவாயில்தான் நாங்கள் ஐவரும் படித்தோம். அவர்கள் மவுத்தான பிறகு வீடும் தறிகளும் முறைப்படி பங்காயின. வண்டியை மட்டும் எவரும் பங்கு கேட்கவில்லை. “நீங்களே வச்சுக்கோங்க காக்கா, ஆனா வித்துப் போடாதீங்க” என்றாள் கடைசித் தங்கை. அன்று முதல் அதனை என் உடைமையாக நான் கருதியதில்லை. அது எனக்கு அமானிதம்.

அமானிதத்தைக் காப்பது என்றால் துடைத்துப் போர்வை போர்த்தி வைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஓடாத வண்டி விரைவில் கெடும். ஓடுகிற வண்டிக்கோ உதிரிப் பாகம் வேண்டும். பாகத்தை மாற்ற ஆணியைக் கழற்ற வேண்டும். ஆணியைக் கழற்றுமிடத்தில்தான் பழைய வண்டிக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை காத்திருக்கின்றன. தேய்ந்து மாண்ட வண்டிகளைவிட, பழுது பார்க்கும்போது மரை கெட்டு மாண்ட வண்டிகள் அதிகம் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கண்டறிந்த உண்மை.

ஆணியின் உடலிலும் அது புகும் துளையின் சுவரிலும் சுற்றிச் சுற்றி ஓடும் புரியைத்தான் பட்டறையில் மரை என்கிறோம். அறிவு தடுமாறியவனை மரை கழன்றவன் என்று நம் மக்கள் சொல்வதிலிருந்தே அதன் அருமை விளங்கும். ஆணியின் மரையும் துளையின் மரையும் தம்முள் ஒத்திருந்தால்தான் இறுக்கம் பிறக்கும். ஒவ்வாத இரண்டை வலிமையால் இணைத்தால், இரண்டில் மெலிந்தது அழியும். ஆணி எஃகு; எஞ்சினின் கூடு அலுமினியம். எனவே அழிவது எப்போதும் கூடுதான். ஆணியைச் சில ரூபாய்க்கு வாங்கலாம். கூட்டின் துளைக்கு மரை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

புல்லட் வண்டியில் இந்த ஒவ்வாமைக்கு வரலாறே காரணம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இவ்வண்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட கூட்டினால் இந்தியாவில் குடியேறியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் மறைந்துபோக, பிள்ளை இங்கே வாழ்ந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1841இல் முன்மொழிந்த முறையை ஒட்டி வளர்ந்த அங்குல மரைகளும் அதன் உடலில் உடன் வந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாடு மெட்ரிக் அளவைக்கு மாறிய பின்னரும் அவை நெடுங்காலம் நீடித்தன. பிற்கால வண்டிகளில் மில்லிமீட்டர் மரைகளும் வந்து கலந்தன. ஒரே குடும்பத்தில் இரு மொழி பேசுவோர் வாழ்வது போன்ற நிலை இது.

இந்த இரு மொழிகளுக்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதன்று. இரண்டரை நூல் என்பது 7.94 மில்லிமீட்டர். கடைகளில் இன்று எளிதாகக் கிடைக்கும் எட்டு மில்லிமீட்டர் ஆணிக்கும் அதற்கும் தடிமனில் மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் எட்டு மில்லிமீட்டர் ஆணியின் மரைகள் 1.25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 20ஆக அமைந்தவை. இரண்டரை நூலிலோ அங்குலத்துக்கு 18, 22, 26 என்று மூவகை மரைகள் உண்டு. விட்வொர்த் மரையின் பள்ளம் 55 பாகைக் கோணம். மெட்ரிக் மரையின் பள்ளம் 60 பாகை. அவ்வாணியை இத்துளையில் இட்டால் ஓரிரு சுற்று உள்ளே செல்லும், பிறகு மறுக்கும். அந்த மறுப்பைக் கேட்டு நிறுத்துகிறவன் தொழிலாளி. நீண்ட ஸ்பேனரைத் தேடுகிறவன் வண்டிக்குப் பகைவன்.

இரண்டு நூல் ஆணியின் கதை இதனினும் நுட்பமானது. அது 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 26 மரை உடைய வகை ஒன்று அதில் உண்டு. ஆறு மில்லிமீட்டர் ஆணிக்கும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 மரை. ஆகவே ஆறு மில்லிமீட்டர் ஆணி இரண்டு நூல் துளையில் தங்குதடையின்றி வழுக்கிச் செல்லும். சிறுவர்கள் மகிழ்ந்து போவார்கள். ஆனால் ஆணி மெலிந்தது. துளையின் மரைகளை நுனியில் மட்டுமே தொட்டு நிற்கும். இறுக்கும்போது, இல்லையேல் சில நூறு கிலோமீட்டர் அதிர்விற்குப் பிறகு, அந்த நுனிகளைச் சீவிக்கொண்டு வெளியே வந்துவிடும். எதிர்த்து நிற்கும் ஆணியைக் காட்டிலும் எளிதில் இணங்கும் ஆணியை அதிகம் ஐயுற வேண்டும் என்பது மனிதர்களுக்கும் ஓரளவு பொருந்தும் போலும்.

என் வண்டிக்கு நேர்ந்தது முதல்வகைத் தீங்கு. வெளியூர்ப் பயணமொன்றில் எண்ணெய் கசிவதைக் கண்டு, வழியில் இருந்த ஒரு பட்டறையில் நிறுத்தினேன். நான் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்புவதற்குள், எஞ்சின் கூட்டில் இருந்த 26 மரை இரண்டரை நூல் துளையில் எட்டு மில்லிமீட்டர் ஆணியை முழுப் பலத்தோடு ஏற்றி முடித்திருந்தார்கள். “டைட்டா வச்சிருக்கு பாய், இனி ஜென்மத்துக்கும் ஒழுகாது” என்றார் பட்டறைக்காரர். ஊர் வந்து சேர்வதற்குள் ஒழுகிற்று. ஆணியைக் கழற்றியபோது, சுருள் சுருளாக வெள்ளை உலோகம் அதனோடு வெளியே வந்தது. வாப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் ஓட்டியும் சிதையாத மரை அது.

கூட்டையே மாற்றிவிடலாம் என்று பலர் யோசனை கூறினார்கள். ஆகவே சென்னைக்குப் பயணமானேன்.

பழைய சாமான் வாங்கி விற்கும் கடையைத் தமிழ் மக்கள் காயலான் கடை என்கிறார்கள். காயல்பட்டினத்து வணிகர்களின் பெயரால் வந்த சொல் அது என்று பெரியோர் கூறுவர். வேண்டாதது என்று உலகம் வீசியதில் வேண்டியதைக் கண்டெடுத்த மக்கள் அவர்கள் என்றால், நமக்கு அதில் இழிவில்லை, பெருமையே. சென்னையில் கூவத்தின் அருகே புதுப்பேட்டைத் தெருக்களில் நடந்தால் அத்தொழில் விரிந்து கிடப்பதைக் காணலாம். சைலன்சர்கள், சக்கரங்கள், கழற்றிய எஞ்சின்கள் எல்லாம் கடை வாசல்களில் குவிந்து கிடக்கும். புதிய சாமான் வேண்டுவோர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் செல்வார்கள்.

அங்கெல்லாம் அலைந்து நான் கற்ற முதற்பாடம், பெயரைச் சொல்லிக் கேட்காதே, பழையதைக் கையில் கொண்டு போ என்பது. “புல்லட்டுக்கு இந்த நட்டு” என்று கேட்பவனுக்குப் பத்து நட்டுகளைக் காட்டுவார்கள். பழைய நட்டை மேசைமேல் வைப்பவனுக்கு ஒன்றைத்தான் காட்டுவார்கள். இரண்டாம் பாடம், எல்லாவற்றையும் வண்டியின் பெயரால் தேட வேண்டியதில்லை என்பது. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைப் படித்துச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்னும் மூன்று அளவுகள் போதும். கிளச்சு, பிரேக் கம்பிகளை அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். பிரேக் கட்டைக்குப் புதிய லைனிங் ஒட்டித் தருவார்கள். கேஸ்கட்டைத் தாளில் வெட்டிக்கொள்ளலாம். இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால், கிடைப்பதற்கு உண்மையிலேயே அரிதான சாமான்கள் மிகச் சிலவே எஞ்சும்.

எஞ்சின் கூடு அந்தச் சிலவற்றுள் ஒன்று. மூன்று கடைகளில் பார்த்தேன். ஒன்றில் விரிசல். மற்றொன்றில் பளபளவென்று வெள்ளிச் சாயம் பூசியிருந்தது. துளைக்குள் விரலை விட்டபோது, சிதைந்த மரையின்மேல் பிசின் பூசி மூடியிருப்பது நகத்தில் தட்டுப்பட்டது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே பரப்பியிருந்த வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் கண்டித்த செய்தியை அறியாதவர் நம்மில் இல்லை. சாயத்தின் அடியில் மறைந்த மரையும் அந்த ஈரத் தானியமும் ஒன்றே.

மூன்றாவது கடைக்காரர் வயது முதிர்ந்தவர். குற்றமற்ற கூடு ஒன்று அவரிடம் இருந்தது. விலையைக் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

“உங்க வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கா பாய்?”

“இருக்கிறது.”

“அதுல எஞ்சின் நம்பர் என்ன போட்டிருக்கு? அந்த நம்பர் உங்க கூட்டுலதானே அடிச்சிருக்கு? இதை மாட்டினா நம்பர் மாறிடும். அப்புறம் அது உங்க வாப்பா வண்டி இல்லை, சட்டப்படியும் இல்லை. ஒரு ஓட்டைக்காக ஏன் பாய் உடம்பையே மாத்துறீங்க? நல்ல லேத்துக்காரரைப் பாருங்க.”

விற்றிருந்தால் அன்று அவருக்கு நல்ல ஆதாயம். விற்காமல் அனுப்பினார். கூட்டின் இரு பாதிகளும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்டவை. ஒரு பாதியை மட்டும் மாற்றினாலும் பொருத்தம் கெடும் என்பதையும் அவரே விளக்கினார். சந்தை என்பது ஏமாற்றுவோர் கூடுமிடம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போதெல்லாம் அம்முதியவரின் முகம் என் நினைவில் எழுகிறது.

ஊர் திரும்பி, திருநெல்வேலியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவரிடம் சென்றேன். நாங்கள் அண்ணாச்சி என்றழைக்கும் அவர், முதலில் எதையும் தொடவில்லை. மரை கேஜை எடுத்து, அதன் பற்களை ஒவ்வொன்றாக அருகிலிருந்த நல்ல ஆணியின்மேல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இருபத்தாறு” என்றார். பிறகு வெர்னியரால் அளந்து சுவரில் எழுதினார். அதற்கே அரை மணி ஆயிற்று. “அண்ணாச்சி, வேலையை எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்றேன். “இதுதான் தம்பி வேலை. மிச்சம் சும்மா கை அசைக்கிறதுதான்” என்றார்.

எனக்கு நபி தாவூத் (அலை) அவர்களின் செய்தி நினைவுக்கு வந்தது. இறைவன் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசங்களைச் செய்யுமாறும் அவற்றின் கண்ணிகளை அளவறிந்து பிணைக்குமாறும் பணித்ததையும் திருமறையின் 34ஆம் அத்தியாயம் கூறுகிறது. இரும்பே கையில் இளகிய ஒருவருக்கும் அளவு கட்டளையாகவே வந்தது. வலிமை கைவந்த பிறகுதான் அளவின் தேவை மிகுதியாகிறது என்று அதிலிருந்து நான் விளங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி சிதைந்த துளையை நான்கு நூல் அளவுக்குப் பெரிதாக்கினார். சீவல் உள்ளே விழாதபடி துணியை அடைத்து, டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடவிக்கொண்டார். அலுமினியச் சீவலைக் காந்தம் பிடிக்காது, கிரீஸ்தான் பிடிக்கும். மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மெல்ல மெல்ல மரை வெட்டினார். பின்னர் எஃகில் ஒரு புஷ் கடைந்து, அதன் வெளிப்புறத்தில் புதிய மரையும் உட்புறத்தில் பழைய இருபத்தாறு மரையும் அமைத்து, அதனைத் துளையில் நிலையாகப் பொருத்தினார். இதே நோக்கத்துக்குக் கம்பிச் சுருளாக வரும் ஹெலிகாயிலும் உண்டு. ஸ்பார்க் பிளக் துளை சிதைந்தால் பெரும்பாலும் அதனையே இடுகிறார்கள். புண்பட்ட இடம் முன்னிலும் உறுதியாயிற்று. கூட்டில் பொறித்த எண் அப்படியே இருந்தது.

பல மாலை வேளைகளில் அப்பட்டறையில் அமர்ந்து நான் கற்றவற்றுள் சிலவற்றை இங்கே சொல்வது பழைய வண்டி வைத்திருப்போருக்குப் பயன்படும்.

ஆணியை முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும். துளையில் வைத்து எதிர்ப்புறமாக மெல்லச் சுற்றினால், மரையின் வாயில் மரை விழும்போது ‘டக்’கென்று ஓர் அசைவு தெரியும். அங்கிருந்து வலப்புறம் திருப்பினால் கோணலாக ஏறாது. மூன்று சுற்றாவது விரலுக்கு இணங்கிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

ஸ்பேனரிலும் மொழிப் பிரிவு உண்டு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது வாயின் அகலம் அன்று, ஆணியின் தடிமன். கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் இருக்கும். பதின்மூன்று அதில் நுழையாது; பதினான்கு ஆடும். ஆடும் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கும். மழுங்கிய நட்டுக்கு உளியும் சுத்தியும் வரும். அதன்பின் மரைக்கு வாழ்வில்லை. ஜப்பானிய வழிவந்த ஆர்.எக்ஸ். 100 வண்டியின் கூட்டல் குறி ஸ்குரூக்களும் இப்படியே. அவற்றின் பள்ளம் வேறு வடிவம் உடையது. சாதாரண ஸ்குரூ டிரைவர் அதில் முழுமையாக அமராமல் தலையைச் சிதைக்கும். ஜாவா, எஸ்டி வண்டிகளில் சைலன்சர் குழாயைப் பிடிக்கும் பெரிய வளைய நட்டுக்குக் கொக்கி ஸ்பேனர் உண்டு; அதனைச் சுத்தியால் அடித்துத் திருப்பியவர்கள்தாம் பிறகு மரைக்காக அலைகிறார்கள்.

ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவது. சூட்டில் அதன் மரை மிக எளிதில் காயப்படும். வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் முட்டும்வரை ஏற்றி, அதன்பின் அரைச் சுற்று ஸ்பேனரால் திருப்பினால் போதும். நீளம் குறைந்த பிளக்கைப் போட்டால் எஞ்சிய மரைகளில் கரி படியும். நீளம் மிகுந்தால் பிஸ்டனில் இடிக்கும்.

கழலாத ஆணி எல்லாம் துருப்பிடித்த ஆணி அன்று. எண்ணெய்ப் பம்பை இயக்கும் திருகுத்தண்டு நட்டு புல்லட்டில் இடப்புற மரை உடையது. அதனை அறியாமல் வழக்கம்போல் கழற்ற முயல்கிறவர், கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருப்பார். அவ்வண்டியின் இடப்பக்கச் செயின் மூடியையோ ஒரே ஒரு நட்டுத்தான் பிடித்து நிற்கிறது. அங்கே எண்ணெய் கசிந்தால் உடனே நட்டை இறுக்குவோர் பலர். கசிவது உள்ளே உள்ள ரப்பர் வளையத்தின் குற்றம். நட்டை இறுக்க இறுக்க மூடி வளையுமே ஒழியக் கசிவு நிற்காது. குற்றம் ஓரிடத்தில் இருக்கத் தண்டனை வேறிடத்துக்குப் போவது உலகில் புதிதன்று.

இறுக்கம் மிகுந்தால் உறுதி மிகும் என்னும் எண்ணந்தான் எல்லாவற்றுக்கும் மூலம். எஃகு ஆணி, இறுகும்போது வில்லைப்போல் மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த இழுவிசையே பாகங்களைப் பிடித்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் ஆணி நீண்டே போகும், அல்லது மரை உரியும். அதற்குப்பின் பிடிமானம் முன்பிருந்ததிலும் குறையும். மார்க்கத்திலும் வாழ்விலும் நடுநிலையை வலியுறுத்தும் சமுதாயத்தைச் சேர்ந்த நாம், ஸ்பேனரைப் பிடிக்கும் நேரத்தில் மட்டும் அதனை மறப்பது வியப்பு.

இப்போது என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. வண்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக வரைந்து, எந்தத் துளைக்கு எந்த ஆணி, எத்தனை மரை, எவ்வளவு நீளம், எது அங்குலம், எது மில்லிமீட்டர், எது இடப்புற மரை என்று குறித்திருக்கிறேன். புஷ் போட்ட துளையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, போட்ட ஆண்டையும் காரணத்தையும் எழுதியிருக்கிறேன். அடுத்து வருகிறவரிடம் குறையை மறைக்கக்கூடாதல்லவா? அளவறிந்த ஆணிகள் சிறு துணிப்பைகளில் அட்டை கட்டித் தனித்தனியே இருக்கின்றன.

தங்கையின் மகன் சென்ற ரமலான் விடுமுறையில் வந்து வண்டியை ஓட்டக் கேட்டான். “முதலில் இதைப் படி” என்று அந்த நோட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் படித்தான். மூன்றாம் நாள், “மாமா, இந்த ஆணியை நான் மாட்டட்டுமா?” என்று கேட்டு, துளையில் வைத்து முதலில் எதிர்ப்புறமாகச் சுற்றினான். பிறகே சாவியை அவன் கையில் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ், எனக்குப் பின்னும் அந்த வண்டி தென்காசிச் சாலையில் ஓடும்.